வருகையாளர் எண்ணிக்கையும் தேசிய பூங்கா முகாமையும்: யால பற்றிய சில குறிப்புகள்

தேசிய பூங்கா ஒன்றுக்கு ஓர் ஆண்டில் எத்தனை பேர் வந்தனர் என்பது அரசாங்க அறிக்கைகளில் தவறாது இடம்பெறும் தரவாகும். எண்ணிக்கை கூடினால் வளர்ச்சி என்றும் குறைந்தால் வீழ்ச்சி என்றும் கொள்ளப்படுகிறது. ஆனால், அவ்வெண்ணிக்கை எந்நோக்கத்துக்காக, எவ்விடத்தில், எம்முறையில் எடுக்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. யால தேசிய பூங்காவை முன்வைத்து அவ்வினாவை நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

1938 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட யால, இன்று ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஐந்து பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ள இந்நிலத்தில், வருவோரிற் பெரும்பான்மையினர் நாடுவது ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர் கொண்ட முதலாம் பிரிவையே. சிறுத்தைகள் அங்கு செறிவாக வாழ்வதும், அவற்றைப் பகலிற் காணும் வாய்ப்பு மிகுந்திருப்பதும் இதற்குக் காரணங்களாம். எனவே, 'யாலவுக்கு வந்தோர்' என்னும் ஒற்றை எண், ஏழிலொரு பங்கு நிலத்தின் மீது விழும் சுமையை முழு நிலத்தின் மீதும் பரப்பிக் காட்டிவிடுகிறது. 2009 இல் 447,890 ஆக இருந்த நாட்டின் உல்லாசப் பிரயாணிகள் வருகை 2018 இல் 23 இலட்சத்தையும் தாண்டியது. அப்பெருக்கத்தில் யாலவுக்கு வந்த பங்கின் பெரும்பகுதியைத் தாங்கியதும் இச்சிறு பிரிவே.

நம்மிடமுள்ள பிரதான கணிப்பு நுழைவுச்சீட்டு விற்பனைப் பதிவாகும். அது வருமானக் கணக்கின் உபவிளைவு. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பன்மடங்கு கூடிய கட்டணம், வாகனத்துக்கு வேறொரு கட்டணம் என அறவிடப்படுவதால் இவை தனித்தனியே பதியப்படுகின்றன. காசாளரின் தேவைக்கு இது போதும். காட்டின் தேவைக்குப் போதாது. ஓர் உதாரணம் கொள்வோம். இரு நாட்களில், நாளொன்றுக்கு 900 பேர் வருகின்றனர் என்க. முதல் நாள் வண்டிக்கு அறுவர் வீதம் 150 ஜீப்புகள் காலையும் மாலையுமாகப் பிரிந்து செல்கின்றன. மறுநாள் வண்டிக்கு மூவர் வீதம் 300 ஜீப்புகள் விடியற்காலை ஒரே மணித்தியாலத்திற் புகுகின்றன. சீட்டுக் கணக்கின்படி இரு நாட்களிலும் வருகையாளர் தொகை ஒன்றே. பாதையோரப் பாலைமரத்திற் படுத்திருக்கும் சிறுத்தைக்கோ இவை முற்றிலும் வேறான நாட்கள். சிறுத்தை தென்பட்ட செய்தி கைத்தொலைபேசி வழியே பரவியதும் வண்டிகள் அனைத்தும் ஓரிடத்தில் முட்டிமோதுவதையும், வேகமாகச் சென்ற வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் இறந்ததையும் யாலவை அறிந்தோர் அறிவர். விலங்கைத் தொல்லைப்படுத்துவது ஆண்டுத் தொகையன்று. குறித்த வேளையில், குறித்த இடத்தில் திரளும் வாகனத் தொகையே.

பிறநாடுகளிற் பல கணிப்பு முறைகள் வழக்கிலுள்ளன. வீதியிற் பதிக்கப்பட்ட கம்பிச் சுருள் வாகனங்களை எண்ணும். அத்தொகையை வாகனமொன்றிலுள்ளோரின் சராசரியாற் பெருக்குவர். நடைபாதைகளில் செங்கீழ்க் கதிர்க் கருவிகள் பொருத்தப்படும். இருவர் அருகருகே நடந்தால் அவை ஒருவரென்றே எண்ணுமாதலால், ஆளொருவர் நேரில் எண்ணித் திருத்தங் காணுதல் அவசியம். உலகின் 836 தலங்களை எடுத்துக்கொண்ட ஆய்வொன்று, இணையத்திற் பகிரப்பட்ட ஒளிப்படங்களைக் கொண்டும் வருகையை மதிப்பிடலாம் என 2013 இற் காட்டிற்று. படம் எடுத்துப் பகிரும் வசதியும் வழக்கமும் இல்லாதோர் இக்கணிப்பில் மறைந்துபோவர் என்பதை நாம் மறத்தலாகாது.

யாலவிலேயே அவ்வாறு மறையும் ஒரு கூட்டத்தினர் உளர். வடக்கிலும் கிழக்கிலுமிருந்து கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் ஒகந்தையிலிருந்து குமண, யால காடுகளினூடாகவே நடக்கின்றனர். குடிநீர், கழிவு, குப்பை என அவர்களால் எழும் பிரச்சினைகள் வேறானவை. உல்லாசப் பிரயாணிகளோடு அவர்களை ஒரே எண்ணிற் கூட்டுவதும் தவறு. எண்ணாது விடுவதும் தவறு.

எத்தனை பேரைப் பூங்கா தாங்கும் என்ற பழைய வினாவுக்கு ஒற்றை விடை இல்லை என்பதை ஆய்வாளர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தனர். எத்தகைய மாற்றத்தை எவ்வளவுக்கு ஏற்கலாம் என முதலில் வரையறுத்து, பின்னரே எண்ணிக்கையை நோக்கும் முறை 1985 இல் ஐக்கிய அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அந்நாட்டின் ஆர்ச்சஸ் பூங்காவில், தரிப்பிடங்கள் நிரம்பியதும் வாயிலை மூடவேண்டிய நிலை அடிக்கடி ஏற்பட்டதால், 2022 இல் வாகனங்களுக்கு நேரம் ஒதுக்கி முன்பதிவு செய்யும் முறை புகுத்தப்பட்டது. அங்கு மணித்தியாலக் கணக்கு முகாமைக் கருவியாயிற்று.

நம்மிடையே, நெரிசல் என்றதும் கட்டணத்தை உயர்த்துக என்ற குரலே முதலிற் கேட்கிறது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. கட்டணத்தாற் கழிக்கப்படுவோர் பாடசாலைப் பிள்ளைகளும் கூலியுழைப்பாளருமே. தனி ஜீப்பில் இருவராக வரும் வசதியுள்ளோர் அல்லர். குறைக்கவேண்டியது வாகனத்தை, ஆட்களை அன்று. திசமகாராமையில் ஜீப் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல என்பதும் உண்மையே. அவர்களையும் கலந்து, முறைவைத்து, வண்டிக்கு ஆட்கூட்டி அனுப்பும் ஏற்பாடு வேண்டும். அதற்கு எந்த மணித்தியாலத்தில் எத்தனை வண்டிகள் புகுந்தன, எத்தனை வெளியேறின என்ற கணக்கு இன்றியமையாதது. வாயிலில் உள்ள எழுதுவினைஞரே இதனை ஒரு கொப்பியிற் குறித்துவிடலாம்.

இக்கணக்கைச் சோதிக்கும் வாய்ப்பையும் யாலவே தருகிறது. வரட்சிக் காலத்தில், வழமையாகச் செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதிவரை, முதலாம் பிரிவு மூடப்படுகிறது. மூடுவதற்கு முந்திய வாரத்திலும், மூடிய முதல் வாரத்திலும், மீளத் திறந்த வாரத்திலும் ஒரே பாதைகளில் விலங்குகளின் நடமாட்டத்தைப் பதிந்து வாகனத் தொகையோடு ஒப்பிடலாம். வரட்சியின்போது விலங்குகள் நீர்நிலைகளை அண்டுமாதலால், நீரோரப் பாதைகளைத் தனியே பிரித்து நோக்குதல் வேண்டும்.