நிரலின் குறிப்பேடு

வன்னியிலே துணுக்காய்ப் பகுதி வயல்களுக்கு நீரூட்டுவது, பாலியாற்றை மறித்து அமைந்த வவுனிக்குளம். மாரிகாலத்து இரவொன்றில் இத்தகைய குளம் வான் பாய்ந்ததெனின், மறுநாட் காலையில் எழும் வினா யாது? நீர்மட்டம் எப்பொழுது உயர்ந்தது, துருசு எப்பொழுது திறக்கப்பட்டது என்பதே. நினைவு இதற்குச் சரியான விடை கூறாது. அவ்வப்போது எழுதிய குறிப்பேடே கூறும்.

கணினி நிரலுக்கும் இத்தகைய குறிப்பேடு வேண்டும். கமநல சேவை நிலையமொன்றில் பசளை வழங்கலைக் கணக்கிடும் நிரலொன்றை எண்ணிப் பார்க்கலாம். கமக்காரர் ஒருவரின் பெயர் பட்டியலில் விடுபட்டுவிட்டது. நிரல் தன் செயல்களை எழுதி வைத்திராவிடின், பிழை நேர்ந்த இடம் புலப்படாது. அவரது பங்கும் கைக்கு வாராது.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் நிரல் பல வகுப்புக்களாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு வகுப்பும் தன் பெயராலேயே ஒரு பதிவாளனை வைத்துக்கொள்வது வழக்கம். அது எழுதும் செய்திகளுக்குத் தரமுண்டு: நுண்விவரம், செய்தி, எச்சரிக்கை, பிழை என்பன அவை. எத்தரத்துச் செய்தியை ஏற்பது, கோப்பில் எழுதுவதா தொலைக்கணினிக்கு அனுப்புவதா என்பவற்றை நிரலுக்குள் எழுதாமல், தனியான அமைவுக் கோப்பிலே வகுப்பர். அதனாற் பெறும் பயன் பெரிது. சாதாரண நாட்களில் எச்சரிக்கையும் பிழையும் மட்டும் பதிவாகும். ஐயம் எழும்போது, நிரலின் ஓரெழுத்தையும் மாற்றாமல், குறித்த வகுப்பின் நுண்விவரத்தை மட்டும் பெறலாம். வேண்டிய வாய்க்காலின் கதவை மட்டும் திறப்பது போன்றதே இது.

எழுதுவது போலவே கழிப்பதும் கடமை. நாள்தோறும், அல்லது குறித்த அளவு நிரம்பியதும், புதிய கோப்புத் தொடங்கிப் பழையன குறித்த காலத்தின்பின் நீக்கப்படல் வேண்டும். இன்றேல் வட்டு நிரம்பி நிரலே நின்றுவிடக் கூடும். கடவுச்சொல், அடையாள அட்டை இலக்கம் முதலியன குறிப்பேட்டில் இடம்பெறலாகா.

இத்துறையில் உலகை விழிப்பித்த நிகழ்ச்சி 2021 டிசெம்பரில் நேர்ந்தது. ஜாவா மொழி நிரல்களிற் பெருவழக்கான ‘லொக்போர்ஜே’ என்னும் பதிவுக்கருவி, அந்நியர் அனுப்பிய எழுத்தை வெறும் எழுத்தாகக் கொள்ளாமல் ஏவலாகக் கொண்டு, அயற்கணினியிலிருந்து நிரலை வரவழைத்து இயக்கும் குறை வெளிப்பட்டது. திருத்திய பதிப்புக்கு மாறும்படி உலகெங்கும் நிறுவனங்கள் விரைந்தன.

குளக்கட்டைக் காப்பவன் தன் குறிப்பேட்டையும் காத்தல் வேண்டும். நிரலை ஆக்குவோருக்கும் அதுவே விதி.