விமான நிலையச் சூழலில் நீர் மாசு: மூலத்தைக் கண்டறிதல் பற்றிய ஒரு நோக்கு

சுவீடனின் தென்பகுதியிலுள்ள றொனெபி நகருக்கு நீர் வழங்கிய நிலையங்களுள் ஒன்று பிரந்தாபோர்ஸ். 2013 டிசெம்பரில் அதன் நீரைச் சோதித்தபோது, ஓர் இலீற்றரில் ஏறத்தாழ 10,000 நனோகிராம் பி.எப்.ஏ.எஸ். காணப்பட்டது. நிலையம் உடனே மூடப்பட்டது. நகரின் வீடுகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அந்நீரையே பல்லாண்டுகளாகப் பெற்றுவந்தது. நிறமும் மணமும் சுவையும் மாறாமையால் எவரும் ஐயுற்றிலர்.

பி.எப்.ஏ.எஸ். என்பது, காபன் சங்கிலியில் ஐதரசனுக்குப் பதிலாகப் புளோரீன் அமைந்த ஆயிரக்கணக்கான செயற்கைச் சேர்வைகளின் பொதுப்பெயராகும். காபன் - புளோரீன் பிணைப்பு மிக வலியதாகையால், இவை இயற்கையில் எளிதிற் சிதைவதில்லை. 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமும் 3எம் நிறுவனமும் உருவாக்கிய தீயணைப்பு நுரையில் இவை இடம்பெற்றன. எரியும் எண்ணெயின்மேல் மெல்லிய நீர்ப்படலத்தைப் பரப்பித் தீயை அடக்குவதால், அந்நுரை உலகெங்கும் விமான நிலையங்களிற் பயன்பட்டது.

எனினும், குப்பை நிரப்பிடங்களும் கழிவுநீரும் உலோக முலாமிடும் தொழிற்சாலைகளும் இச்சேர்வைகளை வெளியிடுவன. ஆகவே, விமான நிலையம் அருகிலுள்ளது என்பது மட்டும் முடிவான சான்றாகாது. ஆய்வாளர் மூவகைச் சான்றுகளை ஒருங்குவைத்து நோக்குவர்.

முதலாவது, பயன்பாட்டு வரலாறு. தீயணைப்புப் பயிற்சித் திடல், நுரைக் களஞ்சியம், வாகனங்களைச் சோதித்த இடம், விமானக் கொட்டகை, விபத்து நிகழ்ந்த இடம் என்பன வரைபடத்திற் குறிக்கப்படும். அரிதாக நேரும் விபத்திலும் பார்க்க, மீளமீள நடந்த பயிற்சியே பெரும்பாலும் மண்ணை மிகுதியாக மாசுபடுத்தியது எனலாம்.

இரண்டாவது, தரைக்கீழ்நீரின் போக்கு. ஐயத்துக்குரிய இடத்தின் மேற்புறக் கிணற்றிற் குறைவாகவும் கீழ்ப்புறக் கிணற்றில் மிகுதியாகவும் மாசு காணப்படின், மூலம் இடையிலுள்ளது எனக் கருதலாம். மழைநீர் வடிகால்கள் மாசை வேறு திசைக்குக் கொண்டுசெல்லக்கூடும் என்பதும் கவனிக்கத்தக்கது.

மூன்றாவது, சேர்வைகளின் விகிதம். 3எம் கையாண்ட மின்னிரசாயன முறையில் நேரிய சமபகுதியங்களோடு கிளைகொண்டவையும் தோன்றும். பிற நிறுவனங்கள் கையாண்ட தெலோமர் முறையிற் பெரும்பாலும் நேரியவையே தோன்றும். இவ்வேறுபாடு நுரையின் வகையைக் காட்டும். ஆனால் வழக்கமான சோதனை சில சேர்வைகளை மட்டுமே அளவிடும். பின்னர் அவையாக மாறவல்ல முன்னோடிச் சேர்வைகள் அதிற் புலப்படா. மாதிரியை ஒட்சியேற்றி மீண்டும் அளவிடின் அவையும் வெளிப்படும்.

றொனெபியில் இச்சான்றுகள் ஒன்றையே சுட்டின. அருகிலுள்ள கல்லிங்கே வான்படைத் தளத்தில் 1980களின் நடுப்பகுதி தொடக்கம் இந்நுரை பயிற்சிக்குப் பயன்பட்டிருந்தது. நீரில் மேலோங்கி நின்றவையும் அந்நுரைக்குரிய சல்பொனேற்றுகளே. நகரின் மற்றைய நீர்நிலையத்தில் மாசு மிகக் குறைவாகவே இருந்தது.

அந்நீரைப் பருகியோரின் குருதியில் இச்சேர்வைகள் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் செல்லும். ஊரவர் தொடுத்த வழக்கில், குருதியில் இவை மிகுந்திருத்தலே உடலுக்கு நேர்ந்த ஊறாகும் எனச் சுவீடனின் அதியுயர் நீதிமன்றம் 2023 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. கிணற்றை மூடுவதனால் மண்ணிலுள்ள மாசின் கசிவு நின்றுவிடாது. அதனைத் தடுப்பதற்கும் பொறுப்புடையோரை வரையறுப்பதற்கும் மூலத்தை ஐயமறக் கண்டறிதல் இன்றியமையாததாகும்.