காஞ்சனபுரிக்குப் போகிறீர்களா? நம்மவர்களின் கல்லறை எங்கே இருக்கிறது?

பாங்காக்கில் வேலை பார்க்கிற மலேசியர்களுக்கு காஞ்சனபுரி ஒரு வார இறுதிப் பயணம்தான். குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்துவிட்டு, பலரும் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள போர்க் கல்லறைக்கும் போகிறார்கள். புல்வெளி வெட்டிச் சீராக இருக்கும். ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடப்பீர்கள். நீங்கள் பெம்பான், ஜாசின் பக்கத்துத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை என்றால் ஒரு கேள்வி வரும்: நம்ம ஆளுங்க பேரு எங்கே?

அங்கே இல்லை. அவர்களைத் தேட வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

சயாமுக்குப் போனது யார்?

1942இல் சப்பானிய ராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கியது. 60,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். உலகம் அறிந்த கதை இதுதான். 1957இல் வந்த ஹாலிவுட் படமும் இதைத்தான் சொன்னது.

ஆனால் பாதையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கைதிகளே அல்ல. அவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் போனதாகப் போருக்குப் பிந்தைய கணக்குகள் சொல்கின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மூன்று மாத வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943இல் மழையும் காலராவும் சேர்ந்து வந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்தன. மூன்று மாதம் என்று போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

கல்லறை ஏன் இல்லை?

காரணம் அலுவலக ரீதியானது, அதனால்தான் அதிகம் உறுத்துகிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிப்பது படையினரின் கல்லறைகளை. தோட்டத் தொழிலாளி அந்தக் கணக்கில் வரமாட்டார். காஞ்சனபுரி கல்லறையில் இந்தியப் பெயர்கள் 11 மட்டும் உண்டு. அவர்களும் வேறிடங்களில் அடக்கமான இந்தியப் படையினர்தான்.

இன்னொன்று, கைதிகளின் முகாம்களில் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். யார் எப்போது இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்று ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார்கள். 1945இல் உடல்களைத் தேடிப் போனவர்களுக்கு அந்தக் குறிப்புகள் வழிகாட்டின. தமிழர் முகாம்களில் அப்படிப் பேரேடு எழுத ஆள் இல்லை. காலராவில் செத்தவர்களைக் குழியில் போட்டு மூடினார்கள், இல்லையென்றால் எரித்தார்கள்.

அப்படியானால் எங்கே போய்க் கும்பிடுவது?

போர்க் கல்லறைக்கு மிக அருகிலேயே வாட் தவோன் வராராம் என்ற புத்த கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்த தூபி இங்கேதான் உள்ளது. இதே வளாகத்தில் 2023இல் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் எழும்பியது. தாய்லாந்துத் தமிழ்ச் சங்கம் முன்னின்று செய்தது, தமிழ்நாடு அரசு நிதி கொடுத்தது. சம்பவம் நடந்து 80 வருஷம் கழித்து! சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் இங்கே நிற்காது. அதனால் பாலத்தைப் பார்த்ததோடு திரும்பிடாதீங்க.

பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தூணும் இருக்கிறது. 1944இல் சப்பானிய ராணுவமே வைத்தது. சுற்றுச் சுவரில் பல மொழிப் பலகைகள், அவற்றில் ஒன்று தமிழ். சாகக் காரணமானவர்களே வைத்த கல்லில்தான், போர் முடியும் முன்பே, நம் எழுத்து ஏறியிருக்கிறது. கும்பிடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. படித்துப் பார்க்காமல் வராதீர்கள்.

எப்படிப் போவது?

பாங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து காலையும் பிற்பகலும் ரயில் உண்டு. ஏறக்குறைய மூன்று மணி நேரம். பாலம் தாண்டி நாம் தோக் வரை போகிற அதே பாதைதான் அன்று போட்ட பாதை. மீதி பெரும்பகுதியைப் போருக்குப் பின் பிரித்துவிட்டார்கள்.

புறப்படும் முன் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். தாத்தா பாட்டி வழியில் யாராவது 'சயாமுக்குப் போனவர்' உண்டா, எந்தத் தோட்டம், யாரோடு போனார் என்று கேளுங்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் மலேசியத் தமிழ் நாவல்கள். ரயிலில் படிக்க ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பெயர் கிடைத்தால் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். நடுகல்லில் தனித்தனிப் பெயர்களைத் தேட முடியாது.