வெட்டுக்கிளியும் எபிரேயர் மறையும்

எபிரேயர்களின் திருமறையில் உழவரை நடுங்கச் செய்யும் சிற்றுயிர்கள் பல உள. திராட்சைக் கனியைத் தின்னும் புழுவும், யோனாவுக்கு நிழல் தந்த செடியைப் பட்டுப்போகச் செய்த புழுவும் அவற்றுட் சில. ஆயினும் அவை யாவற்றினும் கொடியது வெட்டுக்கிளியே. கீழ்க்காற்று அதனை எகிப்திற்குக் கொணர்ந்தது என்றும், மேல்காற்று செங்கடலில் தள்ளிற்று என்றும் யாத்திராகமம் கூறுகின்றது.

யோவேல் தீர்க்கதரிசியின் நூலில் காசாம், அர்பே, யெலெக், ஹாசில் என நான்கு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று விட்டதை மற்றொன்று தின்கிறது. பழைய தமிழ் வேதாகமம் இவற்றைப் பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப் பூச்சி என்று பெயர்த்துள்ளது. இங்கே பச்சைக்கிளி என்பது பறவையன்று, பூச்சியே. இவை நான்கும் வெவ்வேறு உயிர்களோ? ஒரே வெட்டுக்கிளியின் பல பருவங்களாகலாம் என்பர் அறிஞர் சிலர். எனினும், நூலின் பிற்பகுதியில் இவற்றின் வரிசை மாறி வருதலின், எப்பெயர் எப்பருவத்தைக் குறிக்கும் என்று அறுதியிடல் அரிது.

ஒன்று விட்டதை மற்றொன்று தின்பது எங்ஙனம் என்பதை 1915ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் எருசலேமின் வானை மறைத்து வந்த கூட்டம், மண்ணைத் துளைத்து முட்டையிட்டது. சில வாரங்களில் சிறகில்லாக் குஞ்சுகள் வெளிப்போந்து தரைமேல் ஊர்வலமாய்ச் சென்றன. பன்முறை தோலுரித்து, இறுதியில் சிறகு பெற்றுப் பறந்தன. தாய்ப்பூச்சிகள் விட்ட பசுமையைக் குஞ்சுகள் தின்று தீர்த்தன. உலகப் போரின் இடையே, மக்களைப் பசி வாட்டியது. அந்நாளைய துருக்கி அரசு, 15 முதல் 60 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் 20 கிலோ முட்டை திரட்டித் தருதல் வேண்டும் என்று ஆணையிட்டது.

அரசன் இல்லாதிருந்தும் வெட்டுக்கிளிகள் அணியணியாய்ச் செல்லுதலை நீதிமொழிகள் நூல் வியந்து கூறுகின்றது. காரணம் யாது? தனித்து வாழுங்கால் அது அடக்கமான பூச்சி. மழையால் பெருகி, பின் பசுமை சுருங்கிய இடத்தில் நெருங்கி வாழ நேரின், நிறமும் இயல்பும் மாறிக் கூட்டமாய்ப் புறப்படும். இம்மாற்றத்தை 1921இல் விளக்கியவர் உவாரோவ் என்னும் பூச்சியியல் அறிஞர்.

இன்றும் வெட்டுக்கிளியை அடக்கும் சிறந்த வழி, சிறகு முளைக்குமுன் குஞ்சுப் பருவத்திலேயே அழித்தல் ஆகும். எனவே, பூச்சியின் பருவத்தை அறிவது பயிரைக் காப்பதற்கு முதற்படி. அப்பண்டை மக்கள் வழங்கிய பல பெயர்கள் வெறுஞ் சொற்பெருக்கல்ல. பசிக்கு அஞ்சியவர் பகைவனைக் கூர்ந்து நோக்கியதன் சான்றுகள் அவை.