சீருடையும் அதிகாரமும்: மிலான் மார்ட்டிச் வழக்கு

பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் யுத்தக் குற்றவாளியாகும்போது அதனைத் தனிமனித வழுவாகக் கொள்வது எளிது. குரோசியாவின் க்னின் நகரப் பொலிஸ் நிலையத்தில் 1990இல் கடமையாற்றிய மிலான் மார்ட்டிச்சின் வரலாறு இவ்விளக்கத்துள் அடங்குவதன்று. அவர் பொலிஸ் சேவையைத் துறந்து ஆயுதப்படை அமைத்தவரல்லர். பொலிஸ் சேவையே அவரோடு ஆயுதப்படையாக மாறிற்று. இவ்வேறுபாட்டையே நாம் இங்கு நோக்க விழைகின்றோம்.

பிணக்குச் சீருடையிலிருந்து தொடங்கியது. 1990ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சிக்கு வந்த குரோசிய அரசாங்கம் பொலிசாரின் சீருடையிற் சிவப்பு வெள்ளைச் சதுரச் சின்னத்தைப் புகுத்த முற்பட்டது. அது குரோசியரின் பழைய மரபுச் சின்னமே. ஆயின் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் சேர்பியரைப் பெருந்தொகையாகக் கொன்ற உஸ்தாசா ஆட்சியும் அதனையே தரித்திருந்தது. எனவே சேர்பியரான க்னின் பொலிசார் அச்சின்னத்தை அணிய மறுத்தமையை வெறுஞ் சூழ்ச்சியென ஒதுக்குதல் நேர்மையாகாது. அச்சம் மெய்யானது, அவ்வச்சத்தை யார் எதற்குப் பயன்படுத்தினர் என்பதே வினா. ஓகஸ்ட் மாதத்தில் வீதிகள் மரக்குற்றிகளால் மறிக்கப்பட்டன. 1991 சனவரியில் மார்ட்டிச், சேர்பியர் பிரகடனஞ் செய்த கிரையினாத் தன்னாட்சிப் பிரதேசத்தின் உள்நாட்டலுவல்களுக்குப் பொறுப்பானார். அவரது படையைச் சனங்கள் ‘மார்ட்டிச்சின் பொலிஸ்’ என்றே அழைத்தனர். க்னினுக்கு அண்மையிலுள்ள கொலுபிச் முகாமில் அப்படைக்குப் பயிற்சியளிப்பதில் சேர்பிய அரசின் இரகசியச் சேவைக்கும் பங்கிருந்தது.

1991 ஒக்ரோபரில் ஹர்வாற்ஸ்க்கா டுபிற்சா என்னும் ஊரில் நிகழ்ந்தது இம்மாற்றத்தின் பொருளைத் துலக்கும். ஊரில் எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் முதியோர். கூட்டமொன்றுக்கெனக் கூறி அவர்களைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டு சென்றவர்கள் கிரையினாப் பொலிசார். அவர்களுள் ஏறக்குறைய 40 பேர் பாச்சின் கிராமத்தருகே கொல்லப்பட்டனர். ஆயுதக்குழுவுக்கு அஞ்சி ஓடும் மனிதன், பொலிசாரின் அழைப்புக்குப் பணிகிறான். பழைய உத்தியோகம் ஈட்டி வைத்திருந்த அப்பணிவே கொலைக்குக் கருவியாயிற்று என்பது எமது கருத்து.

பின்னர் கிரையினாவின் சனாதிபதியான மார்ட்டிச், 1995 மே 2, 3ஆம் திகதிகளில் சாக்ரெப் நகர்மீது கொத்துக்குண்டு றொக்கற்றுகளை ஏவப் பணித்தார். 7 பேர் மாண்டனர், 200க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். நகரில் இராணுவ இலக்குகள் இருந்தன என்ற எதிர்வாதம் எடுபடவில்லை. அத்தூரத்திலிருந்து ஏவப்பட்ட அவ்வாயுதம் இலக்கைத் தெரிந்து தாக்கவல்லதன்று என நீதிமன்றம் கண்டது. அவ்வாண்டு ஓகஸ்டிற் குரோசியப் படை கிரையினாவைக் கைப்பற்ற, சேர்பியருட் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓடினர். அவர் காப்பதாகச் சொன்ன சனங்கள் இவர்களே.

2002இற் சரணடைந்த அவருக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 2007 யூன் 12இல் 35 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சில குற்றத் தீர்ப்புகள் நீக்கப்பட்டபோதும் 2008இல் மேன்முறையீட்டு மன்று தண்டனையைக் குறைக்கவில்லை. சேர்பிய சனாதிபதி மிலோசெவிச் 2006இல், தம் வழக்கின் தீர்ப்புக்கு முன்னரே இறந்தார். சேர்பிய இரகசியச் சேவையின் ஸ்ரனிசிச், சிமாற்றோவிச் ஆகிய இருவருக்கும் இறுதித் தீர்ப்பு 2023இலேயே வந்தது: ஒவ்வொருவருக்கும் 15 ஆண்டுகள்.