பவளத்தொட்டியில் ராஸ் மீன்களின் சகவாசம்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீரை நிரப்பிப் பவளங்களை வளர்க்கத் தலைப்படும் எவரும், சில காலத்துக்குள்ளாகவே ராஸ் என்னும் மீன் குடும்பத்தின்மீது மோகம் கொள்வது இயற்கை. சிவப்பும் ஊதாவும் பொன்மஞ்சளும் ஒரே உடலில் கலந்து ஒளிரும் வர்ண விசேஷமும், பகல் முழுதும் ஓயாமல் நீந்தித் திரியும் உற்சாகமும் இக்குடும்பத்தில் அமைந்திருப்பதுபோல் வேறெங்கும் எளிதில் அமைவதில்லை. ஆயினும் இதில் 500க்கு மேற்பட்ட இனங்கள் உண்டென்பதையும், விரல் நீளமே வளர்வன முதல் 2 மீட்டர் நீளத்தை எட்டும் நெப்போலியன் ராஸ் ஈறாக அவை உருவிலும் ஆகாரத்திலும் குணத்திலும் பெரிதும் வேறுபடுவன என்பதையும் அறியாமல், கடையில் கண்ணைக் கவர்ந்தவற்றையெல்லாம் வாங்கி ஒரே தொட்டியில் விடுவோர் விரைவிலேயே வருந்த நேரும்.

கடலில் ஒரு மீன் மற்றொன்றால் துரத்தப்படுமானால், தோற்றது சிறிது தூரம் விலகிச் சென்று வேறொரு பாறையின் மறைவில் தன் ஜீவிதத்தைத் தொடர்கிறது. பகையும் அத்துடன் அடங்கிவிடுகிறது. நான்கு அடி நீளமுள்ள தொட்டியிலோ தோற்றதற்குப் போக்கிடமில்லை. வென்றதன் பார்வையிலேயே நாளெல்லாம் அடைபட்டு, இரைக்கு வர அஞ்சி, மெலிந்து, இறுதியில் மடிகிறது. ஆகவே, கடலின் விஸ்தாரம் தானாகவே செய்துவைக்கும் சமாதானத்தைத் தொட்டியில் வளர்ப்பவரே முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. எந்த ராஸ் எதனுடன் இணங்கும் என்று வாங்குவதற்கு முன்பே ஆராய்ந்து தெளிவது, அந்த ஜீவன்களைத் தம் பொறுப்பில் ஏற்கத் துணிந்தவரின் முதற்கடமை.

இம்மீன்களிடையே சச்சரவு எழுவதற்குரிய மூலகாரணங்களுள் முக்கியமானது அவற்றின் விசித்திரமான பிறவி நியதி. ராஸ்களில் மிகப் பல, பெண்ணாகவே வளர்ந்து, பிறகு சந்தர்ப்பம் வாய்க்கும்போது ஆணாக மாறும் இயல்புடையவை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டைச் சேர்ந்த ஹெரான் தீவில் கிளீனர் ராஸ்களைக் கவனித்து ராபர்ட்சன் என்னும் விஞ்ஞானி 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஓர் ஆணும் பல பெண்களும் கூடி வாழும் குழுவிலிருந்து அந்த ஆண் மறைந்ததும், பெண்களுள் தலைமை ஸ்தானத்தில் இருப்பது சில மணி நேரத்துக்குள் ஆணின் நடத்தையை மேற்கொண்டு, இரண்டு மூன்று வாரங்களில் முற்றிலும் ஆணாகிவிடுவதை நிரூபித்தது. யார் மேல், யார் கீழ் என்னும் கேள்வி இவற்றின் உடலமைப்பையே நிர்ணயிக்கிறது என்றால், அந்த ஸ்தானத்துக்காக அவை எவ்வளவு கடுமையாகப் போராடும் என்பதை ஊகிக்கலாம். இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது: ஓர் இனத்தில் ஓர் ஆணுக்கு மேல் கூடாது, துணை வேண்டுமானால், ஆணைவிடச் சிறிய பெண் மீன்களை அதற்கு முன்போ அதனுடன் சேர்த்தோ விடவேண்டும். நிறத்திலும் வடிவத்திலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் வெவ்வேறு இனங்களும் தம்முள் பகைக்கும் என்பதால், தோற்றத்தில் நன்கு வேறுபடுபவற்றைச் சேர்ப்பதே விவேகம்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு உகந்தவை, வியாபாரத்தில் ஃபேரி ராஸ் என்றும் ஃப்ளாஷர் ராஸ் என்றும் வழங்கும் இரு பிரிவுகள். முன்னதில் ஏறத்தாழ 60 இனங்களும் பின்னதில் ஏறத்தாழ 20 இனங்களும் அறியப்பட்டுள்ளன. நீரோட்டத்தில் மிதந்துவரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்று வாழும் இவை பவளத்தைத் தீண்டுவதில்லை. இரவில் பாறை இடுக்கில் புகுந்து, சில இனங்கள் தம்மைச் சுற்றிக் கோழையால் ஓர் உறையையும் அமைத்துக்கொண்டு உறங்குகின்றன. ஃப்ளாஷர் ஆண், பெண்ணைக் கண்டவுடன் துடுப்புகளையெல்லாம் விரித்துக் கணநேரத்தில் நிறங்கள் பளிச்சிட முன்னும் பின்னும் பாயும் காட்சி, இக்கலையில் ஈடுபட்டோர் பெறும் பெரும் பாக்கியங்களுள் ஒன்று. பெண் துணையின்றித் தனித்து வளர்க்கப்படும் ஆணின் வர்ணம் நாளடைவில் மங்கிவிடக்கூடும் என்பதனால், ஓர் ஆணுடன் இரண்டு மூன்று பெண்களைச் சேர்த்து வைப்பது அழகுக்கும் ஆரோக்கியத்துக்கும் நலம்.

அடுத்த பிரிவினர் மணலில் உறங்குவோர். ஹாலிகீரஸ் பேரினத்தைச் சேர்ந்த மஞ்சள் ராஸும், அதன் உறவினரான லெப்பர்ட் ராஸ்களும் இரவு வந்ததும் மணலுக்குள் புகுந்து மறைந்துவிடுகின்றன. பகலில் அச்சம் நேர்ந்தாலும் அதுவே அவற்றின் அரண். எனவே 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கேனும் மெல்லிய மணல் பரப்பாத தொட்டியில் இவற்றை வைத்திருப்பது அவற்றை ஓயாத கலவரத்தில் ஆழ்த்துவதாகும். மஞ்சள் ராஸ் தட்டைப்புழுக்களையும், சிப்பிகளின் உடலில் சாறுறிஞ்சும் நுண்ணிய நத்தைகளையும் உண்பதால் தொட்டிக்கு உபகாரியே. எனினும் சிறு நத்தைகளும் குழல்புழுக்களும் இதனிடமிருந்து தப்பும் என்று எண்ணவேண்டாம். லெப்பர்ட் ராஸ், பாறையிலும் மணலிலும் இயல்பாகப் பெருகும் சிற்றுயிர்களை இடைவிடாது தேடியுண்ணும் பழக்கமுடையது. கடைக்கு வரும்போதே அதன் வாயில் காயம்பட்டிருப்பதும் உண்டு. ஆதலால் பல மாதங்கள் முதிர்ந்த தொட்டியும், அனுபவமுள்ள கையும் இருந்தாலொழிய இதை வாங்கலாகாது. புதிதாக வந்த மணலுறங்கி பல நாள் வெளிவராமல் இருந்தால், அது இறந்துவிட்டதென்று மணலைக் கிளறிப் பார்ப்பது பெருந்தவறு; நீண்ட பிரயாணத்தால் குலைந்த அதன் பகலிரவுக் கணக்கு சீராகும்வரை பொறுத்திருப்பதே முறை.

விலக்கத்தக்கவை எவை என்பதும் அதே அளவு முக்கியம். சிக்ஸ்லைன் ராஸ் என்னும் ஆறு கோட்டு மீன் விலை மலிந்தது, உருவில் சிறியது. ஆயினும் தொட்டியில் தன் ஆதிக்கத்தை நிலைநாட்டியபின் புதிதாக வரும் எந்தச் சாதுவான ராஸையும் விடாமல் துன்புறுத்தும் சுபாவமுடையது. இதனை வைத்தே தீரவேண்டுமென்போர் மற்றெல்லா மீன்களுக்கும் கடைசியாக விடுவதே தக்கது. கோரிஸ், தலசோமா முதலிய பேரினங்களைச் சேர்ந்த பல மீன்கள், குட்டியாயிருக்கையில் எத்தனை அழகாயினும், வளர்ந்தபின் இறாலையும் நத்தையையும் தின்று பாறைகளைப் புரட்டுவன. கிளீனர் ராஸின் நிலை இன்னும் பரிதாபமானது. பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கி உண்ணும் இந்தச் சிறு ஜீவன் ஒரு நாளில் ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாக லிசார்ட் தீவில் அலெக்ஸாண்ட்ரா குரட்டர் செய்த ஆராய்ச்சி கூறுகிறது. எந்த வீட்டுத் தொட்டி அத்தனையை அளிக்கும்? வேறு இரை தின்னப் பழகுபவை சிலவே. பல பட்டினியால் மடிகின்றன. அதே தீவின் சில பவளத்திட்டுகளிலிருந்து 8 ஆண்டுகளுக்கு மேல் இவற்றை அகற்றிவைத்தபோது, மற்ற மீன்களின் எண்ணிக்கையும் வகையும் குறைந்துபோயின. கடலுக்கு இத்தனை அவசியமான வைத்தியனைக் கடலிலேயே விட்டுவைப்பது நம் தர்மம்.

தேர்ந்தெடுத்தபின் விடும் வரிசையிலும் ஒரு நியதி உண்டு. அச்சமுள்ள ஃப்ளாஷர் முதலில், மணலுறங்கிகள் பின்னர், உரம் மிகுந்த ஃபேரி ராஸ் இறுதியில் என்று விடுவோமானால், சாதுக்கள் தமக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்ள அவகாசம் பெறுகின்றன. புதியதைத் துளையிட்ட, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பெட்டியில் இட்டு அப்பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிட்டால், பழையவை அதைத் தாக்க முடியாமல் பார்த்துப் பழகுகின்றன. சினந்து பெட்டியின் சுவரை மோதிக்கொண்டிருந்தவை அலட்சியமாக விலகிச் செல்லத் தொடங்கும் நாளே கதவைத் திறக்கத் தக்க நாள். இதற்கும் முன்னதாக, வேறொரு பாத்திரத்தில் மூன்று நான்கு வாரம் தனித்து வைத்து, வெண்புள்ளி நோயும் வெல்வெட் நோயும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மணலுறங்கியானால் அந்தப் பாத்திரத்திலும் ஒரு தட்டு மணல் வைக்க மறக்கலாகாது.

ராஸ்கள் அனைத்தும் குதிப்பதில் வல்லவை. விளக்கு அணையும் தருணத்திலோ, மற்றொன்று துரத்தும்போதோ மேலெழும்பும் மீன் சிறு இடைவெளியிலும் வெளியேறித் தரையில் உயிரிழக்கும். ஆதலின் 6 மில்லிமீட்டர்க் கண்ணுள்ள வலையால் தொட்டியின் வாயை முழுவதும் மூடுவது இன்றியமையாதது. வெப்பநிலை 25 அல்லது 26 பாகையில் நிலைத்திருக்க வேண்டும். 30 பாகையை எளிதில் தாண்டும் நம் ஊர்க் கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இன்றி இது கைகூடாது. ஓயாமல் நீந்தும் உடலுக்குச் சிறுகச் சிறுக இரை வேண்டுமாதலால், மைசிஸ், ஆர்ட்டீமியா போன்ற உறைந்த இரையை நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொஞ்சமாகத் தருவது நலம். நிறைந்த வயிறு சச்சரவையும் தணிக்கும்.

300 லிட்டர் தொட்டி உடையவர், மக்காஸ்கர் ஃப்ளாஷரில் ஓர் ஆணும் இரு பெண்களும், ஒரு மஞ்சள் ராஸ், அளவில் சிறிய ஒரு ஃபேரி ராஸ் என்ற மட்டில் நிறுத்திக்கொண்டால், நெருக்கமின்றி இவை வாழும். அபூர்வமானவற்றில் ஆசை மிகுவோர் ஒன்றை நினைக்கவேண்டும். மாலத்தீவில் 40 மீட்டருக்குக் கீழே வாழும் ஒரு ரோஜா நிற ஃபேரி ராஸுக்கு, அத்தீவைச் சேர்ந்த அகமது நஜீப் முதலியோர் 2022இல்தான் விஞ்ஞானப் பெயர் சூட்டினர். அதற்கு முன்பே அது அலங்கார மீன் வியாபாரத்தில் விற்பனையாகிக்கொண்டிருந்தது. நாம் முற்றும் அறியாத ஒரு கடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு வருபவை இவை. கடையில் நிற்கும்போது, இம்மீன் எங்கே உறங்கும், என்ன உண்ணும், யாருடன் பகைக்கும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை சொல்ல முடிந்தவர் வாங்கலாம். முடியாதவர் அன்று வெறுங்கையுடன் திரும்புவதே அம்மீனுக்குச் செய்யும் பேருதவி.