பச்சிளங்குழந்தையின் கண்ணில் சீழ் வடிகிறதா? தாமதம் பார்வைக்கே ஆபத்து

புது தில்லி: பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் கண்ணில் பூளை தள்ளுவதும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்வதும் பல வீடுகளில் காணப்படுபவை. இவற்றில் பெரும்பாலானவை எளிதில் குணமாகும். எனினும், சில வகைத் தொற்றுகள் மிகக் குறுகிய காலத்தில் பார்வையைப் பறிக்கக் கூடியவை.

வேறுபாட்டை அறிவது எப்படி?

கண்ணின் வெண்பகுதி சிவக்காமல், நீர் வடிதலும் சிறிதளவு பூளையும் மட்டும் இருந்தால், கண்ணீர்ப் பாதை முழுமையாகத் திறக்காதது காரணமாக இருக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் இது தானாகவே சரியாகிவிடும். மாறாக, இமைகள் வீங்கி, கண் சிவந்து, துடைக்கத் துடைக்கச் சீழ் வடிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறந்த 28 நாள்களுக்குள் ஏற்படும் இத்தகைய கடுமையான தொற்று, பிரசவத்தின்போது தாயிடமிருந்து பரவியதாக இருக்கலாம். கொனோரியா தொற்று பொதுவாக 2 முதல் 5 நாள்களிலும், கிளமிடியா தொற்று 5 முதல் 14 நாள்களிலும் வெளிப்படும். முன்னது கருவிழியைத் துளைத்துவிடக் கூடியது. பின்னது நுரையீரலையும் தாக்கக் கூடும். எனவே, இவற்றுக்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது. ஊசி வழியாகவோ வாய்வழியாகவோ மருந்து தேவைப்படும். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே தொற்று இருக்கக் கூடும் என்பதால், பெற்றோர் இருவரும் சிகிச்சை பெறுவது அவசியம்.

வீட்டில் பராமரிப்பு

கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின், கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த தூய பஞ்சினால், மூக்கை ஒட்டிய ஓரத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு கண்ணுக்கும் புதிய பஞ்சு தேவை. குழந்தையின் துண்டைப் பிறர் பயன்படுத்தக் கூடாது. தாய்ப்பால் ஊட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், அதைக் கண்ணில் விடுவது சிகிச்சை ஆகாது. கண் மையில் ஈயம் கலந்திருக்கக் கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் மீதமிருக்கும் சொட்டு மருந்தையும் பயன்படுத்தக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று தீவிரமடையலாம்.

இலவச சிகிச்சை

ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற கைக்குழந்தைகளுக்குச் சிகிச்சையும் மருந்துகளும் இலவசம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து பார்வையிடுவர். ஆனால், 7-ஆம் நாளுக்குப் பின் சீழ் தென்பட்டால், 14-ஆம் நாள் வருகைக்காகக் காத்திருக்கக் கூடாது.